கழுதை ஆட்டத்தின் ஏழாம் விதி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு சொல் கூடியிருந்தால் சொன்ன நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளட்டும். ஒரு சொல் குறைந்திருந்தால் எழுதிய விரல் மடங்கியபடியே நிற்கட்டும். நடந்ததை நடந்தபடி சொல்வதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் எதுவும் இங்கே கிடையாது.

சீட்டுக்கட்டு அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் அவருக்கு வேலை. அச்சடிக்கும் வேலை இல்லை, வெட்டும் வேலை இல்லை, பெட்டியில் அடுக்கும் வேலையும் இல்லை. பெட்டிக்குள் நாலாக மடித்து ஒரு மெல்லிய தாள் வைப்பார்களே, 'ஆடும் விதிகள்' என்று தலைப்புப் போட்டு, வாங்கியவர்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் எறிந்துவிடுவார்களே, அந்தத் தாளை எழுதுவது அவர் வேலை. அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் விதிக்காரர். "எல்லார் தலையிலயும் எழுதுறவன் ஒருத்தன், எல்லாப் பெட்டியிலயும் எழுதுறவர் ஒருத்தர்" என்பது வெட்டும் இயந்திரத்தில் நிற்பவரின் பழைய நகைச்சுவை. பதினாறு வருடமாக விதிக்காரர் அதற்குச் சிரித்துக்கொடுத்து வந்தார்.

குழந்தைகளின் ஆட்டத்துக்கு விதி எழுதும்போது அதட்டக் கூடாது என்பது மேலாளரின் கட்டளை. 'வேண்டும்', 'கூடாது' என்ற இரண்டு சொற்களும் தாளில் தலைகாட்டினால் மனிதருக்குக் கண் சிவந்துவிடும். ஆகவே விதிக்காரரின் தாள்களில் சீட்டை எடுக்கலாம், இறக்கலாம், வெட்டலாம், சேர்க்கலாம். எல்லாமே லாம். பதினாறு வருடம் லாம் எழுதிய கைக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய்தான் அந்த வடிவத்துக்கு வளைந்துவிட்டது.

"கடற்கரைக்குப் போலாமா?" என்று கேட்பாள் மனைவி. "போகலாம்" என்பார். போனதில்லை. "இடுப்பு வலி உயிர் போகுது, டாக்டர்கிட்ட காட்டணும்" என்பாள். "காட்டலாம்" என்பார். அவள் தனியாகப் போய் மாத்திரை வாங்கி வந்தாள். "நாம கொஞ்சம் உக்காந்து பேசணும்" என்பாள். "பேசலாம்" என்பார், செருப்பை மாட்டிக்கொண்டே. கடைசியில் அவள் சுவரோடு பேசப் பழகினாள். சுவர் பதில் சொல்லாது, ஆனால் லாம் போடாது. "இந்த வீட்டுல எல்லாம் செய்யலாம். எதுவும் நடக்காது" என்று அதனிடம் ஒருநாள் சொன்னாள்.

ஒரு புதன்கிழமை காலையில் சுவரை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"பாப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். திரும்பி வர்றதா இல்ல."

விதிக்காரருக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சொல் கிளம்பியது. பெரிய சொல். நெஞ்சுவரை வந்தது, தொண்டை வரை வந்தது, பல்லைத் தாண்டும்போது பழக்க தோஷத்தில் வளைந்துபோய், "போகலாம்" என்று விழுந்தது.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அதற்குப் பின்னால் இன்னொரு சொல் வருமா என்று பார்த்தாள். வரவில்லை. துணி மடிக்கப் போய்விட்டாள். வில்லிலிருந்து விட்ட அம்பாவது எங்கேயாவது குத்தி நிற்கும். விதிக்காரரின் சொல் அந்த அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது, அவர் அச்சகத்துக்குக் கிளம்பும் வரை.

அன்றைக்குத்தான் கழுதை ஆட்டத்துத் தாளின் பிழைதிருத்தப் படி மேசைக்கு வந்தது. கழுதை தெரியாத குழந்தை உண்டா? அதற்கும் விதித்தாள் வைத்தே தீருவேன் என்று மேலாளர் நின்றதால் எழுதியது. ஏழு விதி. விதிக்காரர் படித்தார் என்று சொல்ல முடியாது. கண் தாள்மேல் நடந்து போனது, அவ்வளவுதான். கீழே கையெழுத்துப் போட்டார். பத்தாயிரம் படி ஓடியது.

சனிக்கிழமை மாலை மச்சான் வேனோடு வந்து இறங்கினார். மனைவியின் அண்ணன். ஆளைப் பார்த்தால் பாறை உருண்டு வருகிற மாதிரி இருக்கும், குணம் பஞ்சு. கூடத்தில் மூன்று மூட்டை தயாராக இருந்தது.

"என்ன மாப்பிள்ளை, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இருக்கலாம்" என்றார் விதிக்காரர்.

ஏழு வயது மகள், மேல்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்தவள், அப்பாவின் பையிலிருந்து மாதிரிப் பெட்டி ஒன்றைக் கண்டெடுத்து வந்தாள். பிரிக்காத புதுக் கட்டு. "மாமா, ஒரே ஒரு ஆட்டம். அப்பாவும் நீங்களும் அம்மாவும் நானும்."

மச்சான் தங்கையைப் பார்த்தார். "குழந்தை ஆசைப்படுது. ஒரு ஆட்டம்தானே?"

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் மனைவி. "முடிஞ்ச நிமிஷம் எழுந்திரிச்சுடணும்."

நான்கு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விதிக்காரருக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: இந்த ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு நேரம்தான் இவள் இந்த வீட்டில் இருப்பாள்.

மகள் தாளைப் பிரித்தாள். அவள் வாசிக்கக் கற்றுக்கொண்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தே தீருவாள், வாசித்ததையெல்லாம் நம்பியே தீருவாள்.

"எல்லாச் சீட்டையும் எல்லாருக்கும் சமமாகப் பிரிக்கலாம்" என்று வாசித்தாள். ஆளுக்குப் பதின்மூன்று விழுந்தது. ஸ்பேடு ஆஸ் வைத்திருப்பவர் அதை இறக்கி ஆரம்பிக்கலாம். மற்றவர்களும் அதே இனத்தில் ஒவ்வொரு சீட்டு இறக்கலாம். எல்லோரும் இறக்கிவிட்டால் அந்த நான்கும் செத்த சீட்டு, ஓரமாகக் கவிழ்த்து வைக்கலாம்; பெரிய சீட்டு போட்டவர் அடுத்ததை ஆரம்பிக்கலாம். ஒருவர் கையில் அந்த இனம் இல்லையென்றால் வேறு எதையாவது போட்டு வெட்டலாம்.

"வெட்டுனா என்ன ஆகும்?" என்றார் மச்சான், தெரியாதவர் மாதிரி.

"அதுவரைக்கும் யாரு பெருசு போட்டிருக்காங்களோ அவங்க தலையில எல்லாச் சீட்டும் விழும் மாமா. கடைசி வரைக்கும் கையில சீட்டு வெச்சிருக்கிறவங்க கழுதை."

"அப்ப உங்கப்பா மாதிரி நல்லவங்கதான் கழுதை ஆவாங்க."

"அண்ணா, சும்மா இரு" என்றாள் மனைவி.

மகள் ஏழாம் விதிக்கு வந்தாள். "கை காலியானவர் வெளியேறலாமா." நிறுத்தினாள். மறுபடி வாசித்தாள். "அப்பா, இது கேள்வி மாதிரி இருக்கு."

விதிக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் எழுதியது 'வெளியேறலாம்'. அச்சில் கடைசி எழுத்தின் தலையிலிருந்த புள்ளி போய், பக்கத்தில் ஒரு கால் முளைத்திருந்தது. புள்ளி வைத்தால் நிற்கும். கால் வைத்தால் நடக்கத்தானே செய்யும். விதி கேள்வியாகி நடந்துகொண்டிருந்தது, பத்தாயிரம் பெட்டிகளில்.

"பிழைம்மா. அது..." என்று ஆரம்பித்தவர், எதிரே மனைவியின் முகத்தைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார். "பிழை இல்ல. அப்படித்தான் விதி" என்றார். பதினாறு வருட வேலையில் அவர் சொன்ன முதல் பொய் அது.

மகள் நெற்றியைச் சுருக்கி யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள். "அப்ப கை காலியானவங்க எல்லாரையும் கேக்கணும், வெளியேறலாமான்னு. போகலாம்னா போகலாம். யாராவது கூடாதுன்னு சொன்னா அவங்க தன் கையிலேர்ந்து ஒரு சீட்டு குடுத்துடணும். குடுத்தா போக முடியாது."

"எந்தக் கோர்ட்டுலயும் இப்படி ஒரு தீர்ப்பு கிடையாது" என்றார் மச்சான், சீட்டை விசிறியாக விரித்தபடி.

ஆட்டம் ஆரம்பமானது. ஸ்பேடு ஆஸ் மச்சானிடம் இருந்தது. அதை இறக்குவதில் யோசிக்க ஒன்றும் இல்லை, விதியே சொல்லிவிட்டது. மச்சான் அதற்கே இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். "பதறாத காரியம் சிதறாது மாப்பிள்ளை" என்றார். விதிக்காரருக்கு அவர்மேல் வாழ்க்கையில் முதல்முறையாகப் பாசம் பொங்கியது. அடுத்து ஸ்பேடு ஏழை இறக்குவதா எட்டை இறக்குவதா என்று மகளுக்கு ஒரு வாரம். மழைக்காலம் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

வாசலில் வேன் நின்றது. முதல் மாதம் வேன்காரர் ஒலி எழுப்பினார். இரண்டாம் மாதம் எதிர்வீட்டுப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். அடுத்த வருடம் அவளைக் கட்டிக்கொண்டு, அதற்கடுத்த வருடம் இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பன் ஆனார். அதன்பிறகு ஒலி எழுப்பும் வேலையைக் குழந்தைகள் பார்த்துக்கொண்டன. எஞ்சினுக்குள் காகம் மூன்று தடவை குஞ்சு பொரித்தது. மச்சானின் தாடி மேசையைத் தொட்டு, மடியில் இறங்கி, முடிச்சுப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. மகளுக்கு முன்பல் இரண்டும் முளைத்தன. பள்ளி ஆசிரியை ஜன்னலுக்கு வெளியே நின்று வருகைப்பதிவு எடுத்துவிட்டுப் போனார். சாப்பாடு எப்படி என்று கேட்பவர்களுக்கு: கடவுள் இரண்டு கை கொடுத்தது ஒன்றில் சீட்டுப் பிடிக்கத்தான்.

ஊரிலும் இதே கதை என்று கேள்வி. பெட்டி வாங்கிய வீடுகளில் எல்லாம் மனிதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். அச்சகத்துக்கு ஒரு புகார்கூட வரவில்லை. புகார் எழுத எழுந்து போக வேண்டுமே.

இத்தனைக்கும் நடுவில் விதிக்காரர் மனைவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நேரம் அவளை அவர் பார்த்ததே கிடையாது. சீட்டைப் பிடித்திருந்த அவளுடைய வலது கட்டைவிரலில் ஒரு தீக்காயத் தழும்பு இருந்தது.

"இது எப்ப?" என்றார்.

"நாலு வருஷம் ஆச்சு."

"என்ன ஆச்சு?"

"உங்க முறை. இறக்குங்க."

ஒருநாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, "நாம பேசலாமா?" என்று கேட்டார்.

"பேசலாம்" என்றாள். கல்யாணமாகிப் பதினொரு வருடம் அவர் சொன்ன அதே குரலில், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு அந்தக் கோடைக்காலம் முழுக்க அவள் பேசவில்லை.

கிளாவர் ஒன்பதில் மச்சானின் கை முதலில் காலியானது. தாடியை ஒதுக்கிவிட்டு எழுந்து சோம்பல் முறித்தார். "வெளியேறலாமா?"

மச்சான் போய் வேனில் ஏறினால் அண்ணன் பின்னாலேயே தங்கையும் போவாள். விதிக்காரர் வாயைத் திறந்தார். லாம் முன்னால் வந்து நின்றது. அதை விலக்க முகம் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு கடைவாய்ப் பல் ஆட்டம் கண்டது. "கூ..." என்றார். "கூ..."

"ரயில் வருதா மாப்பிள்ளை?"

"கூடாது."

மேசை அதிர்ந்தது. மச்சான் தானாக உட்கார்ந்துவிட்டார். மனைவி தலையை நிமிர்த்தி அவரை முழுதாகப் பார்த்தாள். கல்யாணத்தன்று பார்த்ததற்குப் பிறகு இப்போதுதான் அப்படிப் பார்த்தாள். விதிக்காரர் டைமன் நான்கை எடுத்து மச்சானிடம் கொடுத்தார். கையில் ஒரு சீட்டு குறைந்தது. ஒரு கூடாதுக்கு ஒரு சீட்டு. கையில் எத்தனை சீட்டோ அத்தனை கூடாதுதான் இனி தனக்கு என்பது அப்போது அவருக்கு உறைத்தது.

அன்றிலிருந்து அவர் தோற்பதற்காக ஆடினார். ராஜாவையும் ஆஸையும் வலியப் போட்டு, யாராவது வெட்டமாட்டார்களா, மொத்தமும் தன் தலையில் விழாதா என்று காத்திருந்தார். இரண்டு தடவை விழுந்தது. கை நிறையச் சீட்டோடு, உலகத்திலேயே பெரிய கழுதையாக உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது.

அடுத்த மாரிக்காலத்தில் மனைவியின் கை காலியானது.

"வெளியேறலாமா?" என்றாள். அவள் மகளைக் கேட்கவில்லை, அண்ணனைக் கேட்கவில்லை.

"கூடாது." இந்த முறை அவ்வளவு வலிக்கவில்லை. சீட்டை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "ஏன்?"

விதிக்காரர் வாயைத் திறந்தார். ஏன் என்பதற்குப் பதில் இருந்தது. அது அடிவயிற்றில் இருந்தது. அதற்குள் மகள் தாளைத் தூக்கிக் காட்டினாள். "அம்மா, ஏன்னு கேக்குறதெல்லாம் விதில இல்ல."

"இல்ல" என்றார் விதிக்காரர். உண்மையைச் சொன்னால் அவருக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. "விதில இல்ல."

மனைவி அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டாள். முழுதாகப் பார்த்த கண்ணை மடக்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் இன்னும் ஐந்து தடவை கேட்டாள். ஐந்து தடவையும் கூடாது என்றார். ஐந்து தடவையும் அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பாளோ என்று அவர் பயந்துகொண்டே காத்திருந்தார், கேட்கவில்லையே என்று பிறகு வாடினார். இரண்டு தடவை மச்சானுக்கும், ஒரு தடவை மகளுக்கும் கொடுக்க வேண்டியிருந்தது. யாரும் இப்போது வெட்டவும் இல்லை. செத்த சீட்டு ஓரத்தில் குன்றாக உயர்ந்தது. எலி ஒன்று அதில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, மனிதர்களின் நிலைமையைக் கண்டு தலையை ஆட்டிக்கொண்டு போனது.

கடைசியில் விதிக்காரரின் கையில் ஒரே ஒரு சீட்டு மிஞ்சியது. கிளாவர் மூன்று. முகம்கூட இல்லாத சீட்டு. மச்சானிடம் இரண்டு, மகளிடம் ஒன்று. மனைவியின் கை காலி.

"வெளியேறலாமா?"

ஜன்னலுக்கு வெளியே இரட்டைக் குழந்தைகள் ஒலி எழுப்புவதை நிறுத்திக்கொண்டன. இதைக் கொடுத்துவிட்டால் அடுத்த முறைக்கு ஒன்றும் இல்லை. கொடுக்காவிட்டால் அடுத்த முறையே இல்லை.

"கூடாது" என்றார்.

அவள் கை நீட்டினாள், ஆனால் வாங்குவதற்கு முன் சற்றுத் தாமதித்தாள். மூட்டை கட்டுவதற்கு முன்னால் ஒரு புதன்கிழமை காலையில் எப்படி நின்றாளோ அப்படி. விதிக்காரருக்கு அது தெரிந்தது. சொல் கிளம்பியது, நெஞ்சைத் தாண்டியது, தொண்டைக்கு வந்தது.

"இதுதான் கடைசிச் சீட்டு" என்றார்.

"தெரியுது" என்றாள் அவள். வாங்கிக்கொண்டாள்.

மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "அப்பா கை காலி."

விதிக்காரர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். உள்ளங்கை இரண்டும் வெறுமையாக இருந்தன. மற்றவர்களைப் போகவிடாமல் பிடித்துவைத்திருந்த அவசரத்தில் இதை அவர் யோசிக்கவே இல்லை.

"அப்பா, நீங்க கேக்கணும்."

"நான் வேண்டாம்மா. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

"உக்காரக் கூடாதுப்பா. நீங்கதானே விதி எழுதுனீங்க?"

அவர் மூன்று முகத்தையும் பார்த்தார். கேட்டார். "வெளியேறலாமா?" குரல் அவருடையது மாதிரியே இல்லை.

மச்சான் கண்கலங்கிப் போனார். அவரிடம் இரண்டு சீட்டு இருந்தது, ஒன்றைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவருக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. "தாராளமா மாப்பிள்ளை" என்றார் தாடியைப் பார்த்துக்கொண்டே.

மகள் தன் சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒண்ணுதாம்பா இருக்கு" என்றாள். "போயிட்டு வாங்கப்பா."

மிச்சம் இருந்தது மனைவி. அவள் கையில் கிளாவர் மூன்று இருந்தது, அவர் கைச்சூடு இன்னும் ஆறாமல். அதைத் திருப்பிக் கொடுத்து ஒரு சொல் சொன்னால் போதும். அவள் அந்தச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். எங்கேயாவது ஏன் என்பதற்குப் பதில் எழுதியிருக்கிறதா என்று தேடுகிற மாதிரி இருந்தது.

"போங்க" என்றாள்.

விதிக்காரர் நின்றார். வாசல்வரை போய்ப் பால் வாங்கி வருகிறவருக்குக்கூட அந்த வீட்டில் 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்வார்கள். அந்த இரண்டாவது சொல் வருமா என்று காத்திருந்தார். வரவில்லை.

"அப்பா ஜெயிச்சுட்டாரு" என்று மகள் கைதட்டினாள். "முதல்ல வெளிய போறவங்கதான் ஜெயிச்சவங்க."

அவர் கூடத்தைத் தாண்டி, மூட்டைகளைத் தாண்டி, வெளியே வந்தார். வேன்காரர் எஞ்சினிலிருந்து காகத்தை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்தார். "யாரோ வெளிய வருவாங்க, ஏத்திக்கிட்டுப் போகணும்னு சொன்னாங்க. யாருன்னு சொல்லல. ஏறுங்க சார்."

"எங்க போகுது?"

"உங்க மாமியார் வீட்டுக்கு."

அவர் ஏறி உட்கார்ந்தார். உள்ளே மூவரும் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். யார் கழுதை என்று முடிவாக வேண்டுமே. மச்சான் ஏதோ சொன்னார். மகள் சிரித்தாள். அதன்பின் இன்னொரு சிரிப்புக் கேட்டது. அது யாருடைய சிரிப்பு என்று விதிக்காரருக்கு முதலில் தெரியவில்லை. பதினொரு வருடத்தில் அதை அவர் கேட்டதில்லை. தெரிந்தபோது வேன் தெருமுனையைத் திரும்பிவிட்டது.

ஆட்டம் ஆரம்பித்தபோது மணி ஐந்தே முக்கால். முடிந்தபோது ஆறு அடித்து இரண்டு நிமிடம்.